செவி என்னும் காவலன்

விழிஞ்ஞம் துறைமுகத்திற்கு வரும் ஒவ்வொரு கப்பலும் சில பன்னாட்டு விதிகளுக்குக் கட்டுப்பட்டது. கப்பல்கள் கடலில் மோதிக்கொள்வதைத் தடுப்பதற்காக 1972-ஆம் ஆண்டில் அவ்விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஐந்தாவது விதி, கப்பலைச் செலுத்துவோர் எந்நேரமும் கண்ணாலும் செவியாலும் சுற்றுப்புறத்தைக் கண்காணித்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. மூடுபனியிலும் கடுமழையிலும் செல்லும் கப்பல், இரண்டு நிமிடங்களுக்கு மிகாத இடைவெளியில் நீண்ட ஒலி எழுப்ப வேண்டும் என்பது மற்றொரு விதி. ரேடார் முதலிய கருவிகள் பல வந்த பின்னும் செவியின் காவலை விதி நீக்கிவிடவில்லை. கண்ணுக்கு எட்டாததைச் செவி அறியும் என்பதே அதற்குக் காரணம்.

மாணவர்களே! மிதிவண்டியில் பள்ளிக்கு வருவோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். மகிழுந்தில் கண்ணாடிகள் உள்ளன. மோட்டார் வண்டியிலும் உள்ளன. மிதிவண்டிகள் பலவற்றில் அவை இல்லை. நம் கண்கள் முன்னே பார்க்கின்றன. பின்னே வருவதை முதலில் அறிவிப்பது செவியே. பாட்டுக் கேட்டுக்கொண்டும் கைப்பேசியில் பேசிக்கொண்டும் மிதிவண்டி ஓட்டினால் அக்காவலுக்கு என்ன நேர்கிறது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

செவி எவ்வாறு திசை அறிகிறது?

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவு செல்கிறது. வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலச்செவியை முதலிலும் இடச்செவியைச் சற்றுப் பின்னரும் அடைகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறினும் குறைவு. அச்சிறு வேறுபாட்டையும், இரு செவிகளும் பெறும் ஒலியின் வலிமை வேறுபாட்டையும் கொண்டு மூளை திசையைக் கணிக்கிறது. ஒலி முன்னிருந்து வருகிறதா, பின்னிருந்து வருகிறதா என்பதை உணரச் செவிமடலின் மடிப்புகள் துணைசெய்கின்றன.

இதிலிருந்து ஒன்று விளங்கும். திசையை நன்கு அறிய இரு செவிகளும் வேண்டும். "ஒரு காதில் மட்டும்தானே மாட்டியிருக்கிறேன்" என்று சிலர் கூறுவர். இரு செவிகளையும் அடைப்பதைவிட அது மேல்தான். எனினும் ஒரு செவியால் ஒலியைக் கேட்கலாமே தவிர, அது எப்பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக அறிவது கடினம்.

பாட்டு எதை மறைக்கிறது?

ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் கேளாமற் செய்வதை ஒலிமறைப்பு என்பர். அருவியின் அருகே நின்று பேசினால் பேச்சு கேட்பதில்லை அல்லவா? இயர்போன் என்று நாம் அழைக்கும் காதொலிப்பானும் இவ்வாறே செய்கிறது. அது செவித்துளையை அடைத்து வெளியொலியைக் குறைக்கிறது. பாட்டின் ஒலியால் எஞ்சியதையும் மறைக்கிறது. இரைச்சல் நீக்கும் காதொலிப்பான்கள் வெளியொலிக்கு எதிரான அலையை உண்டாக்கி அதை அழிக்கின்றன. அவை மிகுதியாக அழிப்பது சீராக ஒலிக்கும் தாழ்ந்த ஒலிகளையே. பின்னால் வரும் சரக்குந்தின் உறுமலும் அவ்வகை ஒலிதான்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீங்கள் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 5 மீட்டர் செல்கிறீர்கள். பின்னால் ஒரு மகிழுந்து மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வருகிறது. எனவே அது நொடிக்கு 10 மீட்டர் வீதம் உங்களை நெருங்குகிறது. அது 50 மீட்டர் தொலைவில் இருக்கும்போதே அதன் ஒலி கேட்டால், ஓரம் ஒதுங்க 5 நொடிகள் கிடைக்கும். பாட்டின் ஒலியால் 10 மீட்டர் தொலைவில்தான் கேட்டால் கிடைப்பது ஒரே ஒரு நொடி. திடுக்கிட்டுத் திரும்புவதற்கே அந்நொடி போய்விடும்.

விழிஞ்ஞம் பகுதியில் இதற்குச் சிறப்பான காரணங்களும் உள்ளன. 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை இப்பகுதியின் வழியே செல்கிறது. துறையை நோக்கி இறங்கும் உள்சாலைகளிலோ வளைவுகளும் உயர்ந்த மதில்களும் மிகுதி. வளைவுக்கு அப்பால் வரும் வண்டியைக் கண் காண்பதற்கு முன் செவியே அறிகிறது. கடற்காற்று எதிர்வீசும் நாளில் காற்றின் இரைச்சலே செவியை நிறைத்துவிடும். திருவனந்தபுரம் நகரில் 2022 முதல் மின்சாரப் பேருந்துகளும் ஓடுகின்றன. மெதுவாக வரும் மின்சார வண்டி எழுப்புவது மிகச் சிறிய ஒலியே. மெல்லிய ஒலிகளையும் தவறவிடாத செவி இனி மேலும் தேவைப்படும்.

மற்றொரு தீங்கும் உண்டு. சாலை இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்க விரும்புவோர் ஒலியைக் கூட்டிக்கொண்டே செல்வர். குழந்தைகள் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதானால் ஒலியளவு 75 டெசிபெலைத் தாண்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வழங்கும் அளவுகோல். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதர்க்கு அவை மீண்டும் வளர்வதில்லை.

அழைப்பு எதைப் பறிக்கிறது?

பாட்டு, செவியை மறைக்கிறது; கைப்பேசி அழைப்போ மனத்தையே பறிக்கிறது. 1999-இல் அமெரிக்க உளவியலாளர்களான டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகிய இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பந்தைக் கைமாற்றி விளையாடும் இரு குழுவினரின் காணொளியைச் சிலர்க்குக் காட்டினர். ஒரு குழுவினர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றினர் என்று எண்ணச் சொன்னார்கள். ஆட்டத்தின் நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து சென்றார். பார்த்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரைக் காணவே இல்லை! கண் திறந்திருந்தது, மனம் எண்ணிக்கையில் இருந்தது.

பேசிக்கொண்டே ஓட்டுவோர் நிலையும் இதுவே. கையில் கைப்பேசியைப் பிடித்தால் ஒரு கையால்தான் ஓட்ட முடியும். ஒரு தடைப்பிடியைத்தான் அழுத்த முடியும். யார் அழைக்கிறார் என்று திரையை இரண்டு நொடிகள் பார்த்தால், அதற்குள் மிதிவண்டி 10 மீட்டர் சென்றுவிடும். கைகள் இரண்டும் பிடியில் இருக்கக் காதொலிப்பான் வழியாகப் பேசினாலும் மனத்தின் இழப்பு நீங்குவதில்லை. அருகில் வரும் தோழரும் நம்மோடு பேசுகிறார். ஆனால், அவர் சாலையைக் காண்கிறார். வண்டி வந்தால் பேச்சை நிறுத்துகிறார். தொலைவிலிருந்து பேசுபவர்க்குச் சாலை தெரியாது; அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

செவியை அடைக்காமல், கன்னத்தின் எலும்பு வழியாக அதிர்வை உட்செவிக்குச் செலுத்தும் ஒலிப்பான்களும் இன்று கிடைக்கின்றன. அவற்றால் செவித்துளை திறந்திருக்கும். எனினும், ஒலியைக் கூட்டினால் அவையும் சாலையொலியை மறைக்கும். அழைப்பு வந்தால் மனமும் சாலையை விட்டுச் செல்லும்.

கேரளச் சாலையோரப் பலகைகளில் 'ஸ்ரத்திக்குக' என்னும் மலையாளச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். 'கவனியுங்கள்' என்பது அதன் பொருள். தமிழில் நாம் வழங்கும் 'சிரத்தை' என்னும் சொல்லும் அதுவும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. சாலை நம்மிடம் கேட்பது அந்தச் சிரத்தையையே.

சட்டங்கள் கூறுவன

காதொலிப்பான் அணிந்து மிதிவண்டி ஓட்டுவதைப் பிரான்சு நாடு 2015 முதல் தடைசெய்துள்ளது. மிதிவண்டிகள் மிகுந்த நெதர்லாந்தில் 2019 சூலை முதல் கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டக் கூடாது. சப்பானில் 2024 நவம்பர் முதல் இக்குற்றத்திற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வண்டி ஓட்டுவோரைப் பற்றியே பேசுகிறது; மிதிவண்டி அதன் வரையறையில் அடங்காது. ஆயினும் அபராதம் இல்லை என்பதால் ஆபத்து இல்லாமற் போகாது.

நாம் செய்ய வேண்டுவன

1. வண்டிகள் செல்லும் சாலையில் காதொலிப்பானைப் பைக்குள் வையுங்கள். வீட்டை அடைந்த பின் பாட்டுக் கேளுங்கள்.
2. வண்டிகள் வாராத திடலில் ஓட்டும்போது பாட்டு வேண்டுமெனில், செவியை அடைக்காமல், அருகில் நிற்பவர் பேசுவது தெளிவாகக் கேட்கும் அளவில் ஒலியைக் குறைத்து வையுங்கள்.
3. அழைப்பு வந்தால் உடனே நிறுத்தாதீர்கள். பின்னால் திரும்பிப் பார்த்து, இடக்கையால் சைகை காட்டி, சாலையை விட்டு இடப்புறம் ஒதுங்கி, இறங்கி நின்ற பிறகு பேசுங்கள். வளைவிலும் இறக்கத்திலும் நிற்க வேண்டா.
4. பேசி முடித்துக் கைப்பேசியை உள்ளே வைத்த பின்னரே மீண்டும் ஏறுங்கள்.
5. வலப்பிடியில் சிறு கண்ணாடி ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள். அது செவிக்குத் துணையாகும், மாற்றாகாது.

வீட்டில் ஓர் உடன்பாடு

வேலையின் பொருட்டு ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், தாயும் தந்தையும் பணியிலிருக்கப் பிள்ளைகள் தாமே வீடு திரும்புவது உண்டு. "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயா?" என்று அம்மா அழைப்பார். ஊரிலிருந்து பாட்டியும் அந்நேரத்திலேயே அழைப்பார். எடுக்காவிட்டால் அவர்கள் கலங்குவார்கள் என்று எண்ணி, பிள்ளைகள் ஓட்டிக்கொண்டே எடுத்துவிடுகின்றனர். நலமா என்று கேட்கும் அழைப்பே நலத்தைக் கெடுத்துவிடக் கூடாது.

இதற்கு வழி எளிது. பள்ளியிலிருந்து புறப்படும் முன் "கிளம்பிவிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். வீடு சேர எத்தனை நிமிடங்கள் ஆகும் என்பதைப் பெற்றோரிடம் முன்னரே கூறிவையுங்கள். மழைக்காலத்தில் சில நிமிடங்களைக் கூட்டிச் சொல்லுங்கள். அந்நேரத்தில் அழைக்க வேண்டா என்றும், சேர்ந்தவுடன் நீங்களே அழைப்பீர்கள் என்றும் உறுதி கூறுங்கள். மிக இன்றியமையாத செய்தி என்றால் அடுத்தடுத்து இருமுறை அழைக்கச் சொல்லுங்கள். அப்போது பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நின்று பேசலாம். இவ்வுடன்பாட்டை இன்றே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். சேர்ந்தவுடன் அழைக்கும் பொறுப்பை மறவாதீர்கள். அதை நம்பித்தான் அவர்கள் அங்கே அமைதியாக இருப்பார்கள்.

பொருள் அறிவோம்

செவிமடல் – காதின் வெளிப்பகுதி
இன்றியமையாத – மிகவும் தேவையான
உடன்பாடு – இருவரும் ஒப்புக்கொண்ட முடிவு
சிரத்தை – ஈடுபாடு, கவனம்

சிந்தித்து எழுதுக

1. ஒரு செவியில் மட்டும் காதொலிப்பான் அணிவது ஏன் போதிய பாதுகாப்பாகாது?
2. மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி 4 நொடிகளில் எத்தனை மீட்டர் செல்லும்?
3. பாட்டுக் கேட்பதால் வரும் இடருக்கும் அழைப்பை ஏற்பதால் வரும் இடருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. நீங்கள் பள்ளிக்கு வரும் வழியில், கண்ணுக்கு முன் செவி அறியும் இடங்கள் எவை? பட்டியலிடுக.