அரசவால் ஈப்பிடிப்பானை இனங்காணல்

அரசவால் ஈப்பிடிப்பான் இந்தியா, இலங்கை, நடு ஆசியா ஆகிய பகுதிகளில் வாழும், பூச்சிகளை உண்ணும் ஒரு சிறு பறவையாகும். வேதிவால் குருவி என்ற பெயரும் இதற்கு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மாநிலப் பறவை இதுவே. பெயரில் ஈப்பிடிப்பான் என்று இருந்தாலும், நீல ஈப்பிடிப்பான் முதலியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. முன்பு அக்குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இதனை இப்போது மொனார்க்கிடே என்னும் தனிக் குடும்பத்தில் சேர்த்துள்ளனர்.

உடல் ஏறத்தாழ கொண்டைக்குருவியின் அளவே இருக்கும். நீளம் 19 முதல் 22 செ.மீ. வளர்ந்த ஆணின் வாலில் நடு இறகுகள் இரண்டு மட்டும் நாடா போல நீண்டு, உடலைக் காட்டிலும் நீளமாகத் தொங்கும். தலையும் கொண்டையும் பளபளக்கும் கருமை. கண்ணைச் சுற்றி நீல வளையம் தெரியும்.

குழப்பம் நிறத்தில்தான் வருகிறது. ஆண் பறவை இரு நிறங்களில் உண்டு. ஒன்றில் முதுகும் வாலும் செம்பழுப்பு, வயிறு வெண்மை. மற்றொன்றில் தலை தவிர உடல் முழுவதும் வெள்ளை. பெண் பறவையும் செம்பழுப்பே. ஆனால் நீண்ட வால் இல்லை, தொண்டை சாம்பல் நிறம். இளம் ஆண் பார்வைக்குப் பெண்ணைப் போலவே இருக்கும். ஆகவே "வெள்ளை ஆண், சிவப்பு பெண்" என்ற கணக்கு தவறு. நானும் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். நீண்ட வாலுடைய செம்பழுப்புப் பறவை ஒன்று கூட்டில் அடைகாப்பதைப் பார்த்த மாணவி ஒருத்தி, "பெண்ணுக்கு ஏன் சார் இவ்வளவு நீள வால்?" என்று கேட்ட பிறகே புத்தகத்தைத் திறந்தேன். அது ஆண். இவ்வினத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

வால் குட்டையான பறவையைக் கொண்டைக்குருவி என்று எண்ணிவிடுவதும் உண்டு. வாலடியைப் பாருங்கள். கொண்டைக்குருவிக்கு அங்கே சிவப்புத் திட்டு இருக்கும், இதற்கு இல்லை. மேலும் ஈப்பிடிப்பானின் அலகு அடிப்பகுதியில் அகன்று தட்டையாக இருக்கும், அதைச் சுற்றி மீசை போன்ற மயிர்கள் உண்டு. பறக்கும் பூச்சியைப் பிடிக்க ஏற்ற அமைப்பு இது.

இலங்கையில் செய்தி சற்று வேறு. அங்கேயே தங்கி வாழும் கிளையினத்தில் ஆண்கள் வெள்ளையாக மாறுவதில்லை. அங்கே குளிர்காலத்தில் வெள்ளை ஆண் தென்பட்டால் அது இந்தியாவிலிருந்து வலசை வந்தது. வெள்ளைப் பறவையைத் துணித் திருடன் என்றும் செம்பழுப்புப் பறவையைத் தீத் திருடன் என்றும் பொருள்படும் பெயர்களால் சிங்கள மக்கள் அழைக்கின்றனர். வெள்ளைத் துணியைக் கவ்விக்கொண்டு ஓடுவது போன்ற அந்தப் பறப்பை ஒருமுறை பார்த்தவருக்குப் பெயரின் காரணம் விளங்கும்.

தமிழ்நாட்டில் ஓடைக்கரை, மூங்கில் புதர், மாந்தோப்பு, நிழல் அடர்ந்த பூங்கா ஆகிய இடங்களில் தேடலாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும் வருவதால் அப்போது சமவெளியிலும் காண வாய்ப்பு அதிகம். முதலில் காதுக்குத்தான் வேலை. இவ்வளவு அழகான பறவையிடம் எதிர்பார்க்க முடியாத கரகரப்பான, வெடுக்கென்ற குரல் கேட்கும். குரல் வந்த பக்கம் நடக்காமல் நின்றுவிடுங்கள். பறவை நடு உயரக் கிளையில் நிமிர்ந்து அமர்ந்து, பூச்சியைக் கண்டதும் பாய்ந்து பிடித்து வேறு கிளைக்குப் போகும். மாலையில் சிறு நீர்த்தேக்கம் அருகே காத்திருப்பது இன்னும் நல்லது. கிளையிலிருந்து நீரில் விழுந்து எழுந்து, மீண்டும் விழுந்து குளிக்கும்.

கூடு கட்டும் காலம் பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை. மெல்லிய குச்சி, நார் ஆகியவற்றால் கிண்ணம் போலக் கட்டி, வெளிப்புறத்தில் சிலந்தி வலையைப் பூசும். தாழ்ந்த கிளையின் நுனியிலும் கட்டுவதால் மனிதர் கைக்கு எட்டிவிடுகிறது. கரிச்சான் கூடு கட்டிய மரத்தின் அருகே இடம் பிடிப்பதும் உண்டு. காக்கையை விரட்டும் காவலாள் கிடைத்தது போல. 3 அல்லது 4 முட்டைகள் இடும். இரண்டு வாரம் போல அடைகாத்தால் குஞ்சு வெளிவரும். அதன்பின் கூட்டில் இருப்பது 9 முதல் 12 நாட்களே.

அந்தச் சில நாட்களில்தான் நாம் கெடுதல் செய்கிறோம். மேலே சொன்ன கூட்டைப் படமெடுக்க வந்த ஒருவர், மறைத்த இலைக்கொத்தை ஒடிக்கச் சொன்னார், நானே ஒடித்தேன். மூன்றாம் நாள் கூடு வெறுமையாக இருந்தது. காக்கையா வேறெதுவா என்று தெரியாது. ஆனால் அந்த இலைகள் குஞ்சுகளுக்கு வெயில் மறைப்பாகவும் பகைவர் கண்ணுக்குத் திரையாகவும் இருந்தவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கூட்டைக் கலைப்பதை வேட்டையாகவே கருதுகிறது.

கூடு கண்ணில் பட்டால் இருநோக்கியால் தொலைவிலிருந்தே சில நிமிடம் பாருங்கள். பெற்றோர் பறவை வாயில் பூச்சியுடன் கூட்டுக்கு வராமல் பக்கத்துக் கிளைகளில் கத்திக்கொண்டு தாவினால், நீங்கள் நிற்கும் இடம் மிக அருகில் இருக்கிறது என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். குறிப்பேட்டில் நாள், நேரம், தொண்டை நிறம், வால் நீளம் ஆகியவற்றை எழுதுங்கள். கூடு இருக்கும் மரத்தை மட்டும் எவருக்கும் சொல்ல வேண்டாம்.