முதல் ராத்திரி வலியைத் தள்ளிவைக்கும் ஊசி

பெங்களூரு அடுகோடிச் சாலையில் பைக் சறுக்கி முன்கை எலும்பு முறிந்தவரை, மேற்கே ஜெயநகர்ப் பக்கமுள்ள சஞ்சய் காந்தி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள செயின்ட் ஜான்ஸுக்கோ கொண்டுபோவார்கள். பிளேட் வைக்கும் ஆபரேஷனுக்கு முழு மயக்கம் எப்போதும் தேவைப்படாது. காறை எலும்புக்கு மேலே ஓர் ஊசி போட்டால் கை மட்டும் மரத்துப்போகும். ஜெர்மானிய மருத்துவர் கூலன்காம்ஃப் 1911இல் இந்த முறையைத் தன் உடம்பிலேயே சோதித்தார். அவர் கண்ணால் பார்க்காமலே தேடிய நரம்புகளை இன்றைய மயக்க டாக்டர் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி ஊசியை நகர்த்துகிறார்.

சோடியம் அயனிகள் நரம்புக்குள் பாய்ந்தால்தான் வலிச்செய்தி நகரும். புபிவகைன், ரோபிவகைன் போன்ற மருந்துகள் அந்தப் பாதையை அடைக்கின்றன. ஆனால் மத்தியானம் மரத்த கை பெரும்பாலும் நள்ளிரவில் விழித்துக்கொள்ளும். அந்த முதல் ராத்திரிதான் கொடுமை. மரப்பு மருந்தையே கூட்டிப் போடலாமென்றால், அளவு மீறினால் இதயமே நின்றுவிடக்கூடும்.

இங்கேதான் டெக்ஸ்மெடிடோமிடின் வருகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களை அமைதிப்படுத்த 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை, அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல், மரப்பு மருந்தோடு கலந்தால் வலியில்லாத நேரம் பல மணி நீள்கிறது. ஒரு செய்தியை அனுப்பிய நரம்பு அடுத்ததற்குத் தயாராக, ஒருவகை மின்னோட்டத்தால் தன்னை மீட்டுக்கொள்கிறது. இந்த மருந்து அதைத் தடுப்பதை எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். இன்னொரு தூக்க மருந்தான மிடாசோலத்தை நரம்பருகே போடப் பலர் தயங்குகிறார்கள். அது நரம்பைக் கெடுக்கக்கூடுமென்று விலங்கு ஆய்வுகள் எச்சரிக்கின்றன.

டெக்ஸ்மெடிடோமிடினும் நாடித்துடிப்பைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும், கண்ணைச் செருக வைக்கும். மானிட்டரும் கவனமான ஆளும் இல்லாத இடத்தில் இதைப் போடவே கூடாது. நரம்பருகே செலுத்துவது மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் உபயோகமும் அல்ல. ஆய்வுகளையும் அனுபவத்தையும் நம்பியே டாக்டர்கள் அப்படிப் பயன்படுத்துகிறார்கள்.

மரப்பு எவ்வளவு நீண்டாலும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். நசுங்கிய முன்கையில் தசை வீங்கி ரத்த ஓட்டம் அடைபட்டால், பொறுக்க முடியாத வலிதான் முதல் எச்சரிக்கை. மரத்த கையில் அது கேட்காமல் போகலாம். அப்படிப்பட்ட காயத்தில் நீண்ட மரப்பு வேண்டுமா என்பதை எலும்பு டாக்டரும் மயக்க டாக்டரும் ஊசிக்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும்.