சாட்டிலைட் சொல்லும் மழை சரியா? நீங்களே சரி பாருங்கள்

கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வீட்டிற்கு வந்தவுடன், மழைக் காலத்தில் பலரும் தேடிப் பார்ப்பது சாட்டிலைட் மழைப் படங்களைத்தான். ஜப்பானின் ஜாக்ஸா அமைப்பு ஜிஎஸ்மேப் என்ற தளத்தில் மணிக்கு மணி மழை அளவை வண்ணத்தில் காட்டுகிறது. அமெரிக்காவின் நாசா, ஐமெர்க் என்ற பெயரில் அரை மணிக்கு ஒரு முறை கணக்குத் தருகிறது. இரண்டும் இலவசம். ஆனால் இவை கணித்துச் சொல்லப்படும் அளவுகள். தரையில் உள்ள மழைமானியுடன் ஒப்பிடாமல் இவற்றை நம்பிவிடக் கூடாது.

ஏன் வேறுபடுகிறது?

மழைத்துளிகளும் மேகத்தில் உள்ள பனித்துகள்களும் மைக்ரோவேவ் கதிர்களில் ஏற்படுத்தும் மாற்றத்தை சாட்டிலைட் படிக்கிறது. அந்த சாட்டிலைட்கள் தலைக்கு மேல் இல்லாத நேரத்தில், மேக உச்சியின் குளிர்ச்சியை வைத்தும் மழை ஊகிக்கப்படுகிறது. உயரமான, குளிர்ந்த மேகம் மழை தராமலே கலைந்து போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தாழ்வான மேகமே கொட்டித் தீர்க்கலாம். காவிரி பிறக்கும் குடகு அப்படிப்பட்ட இடம்தான். அங்கே கணிப்பு குறைந்தால், மேட்டூருக்கு வரும் நீரின் கணக்கும் தவறும்.

இன்னொரு காரணம் பரப்பளவு. ஐமெர்க்கின் ஒரு கட்டம் நம் பகுதியில் சுமார் 120 சதுர கி.மீ. மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ.தான்.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. தாம்பரத்திற்கும் நுங்கம்பாக்கத்திற்கும் இடையே சுமார் 20 கி.மீ.தான். கட்டத்தின் சராசரியில் இத்தகைய உச்ச மழை மழுங்கிவிடும். அடையாற்றில் வெள்ளம் கொண்டு வந்தது அந்த உச்ச மழைதான்.

எப்படி ஒப்பிடுவது?

நான் பின்பற்றும் வழி இதுதான்.

1. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் உங்கள் ஊருக்கு அருகில் உள்ள நிலையத்தின் தினசரி மழையைக் குறித்துக் கொள்ளுங்கள். செ.மீ. என்றால் 10 ஆல் பெருக்கி மி.மீ. ஆக்குங்கள்.

2. நாசாவின் எர்த்டேட்டா தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, அந்த இடத்திற்கான ஐமெர்க் தகவலை டவுன்லோட் செய்யுங்கள். இதில் எர்லி, லேட், பைனல் என மூன்று வகை உண்டு. பைனல் வகை மழைமானிகளின் மாதக் கணக்கைக் கொண்டு திருத்தப்பட்டது. எனவே சாட்டிலைட்டைச் சோதிக்க லேட் வகையே ஏற்றது.

3. நேரத்தைக் கவனியுங்கள். நம் வானிலை மையத்தின் நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. சாட்டிலைட் நாள் கிரீன்விச் கணக்குப்படி, அதாவது நமக்குக் காலை 5.30க்குத் தொடங்கும். எனவே தினசரி பைலை விட்டுவிட்டு, கிரீன்விச் நேரம் 3 மணியிலிருந்து 48 அரை மணி அளவுகளை எடுங்கள்.

4. இந்த அளவுகள் 'மணிக்கு இத்தனை மி.மீ.' என்ற கணக்கில் இருக்கும். எக்ஸெலில் ஆட்டோசம் மூலம் கூட்டி, விடையை 2 ஆல் வகுத்தால் அந்த நாளின் மழை கிடைக்கும்.

எதைப் பார்ப்பது?

மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஒரு நாள் 50 மி.மீ. கூடுதலாகவும் மறுநாள் 50 மி.மீ. குறைவாகவும் காட்டினால் மொத்தம் சரியாகவே வரும். மழை பெய்தும் சாட்டிலைட் தவறவிட்ட நாட்கள், பெய்யாமலே பெய்ததாகக் காட்டிய நாட்கள், 100 மி.மீ.க்கு மேல் பெய்த நாட்கள் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுங்கள். ஆற்றுப் படுகை முழுவதற்கும் பார்ப்பதானால் ஒரு நிலையம் போதாது. மலையிலும் சமவெளியிலும் உள்ள பல நிலையங்களைச் சேர்க்க வேண்டும்.

மழைமானி இல்லாத மலைக் காடுகளில் சாட்டிலைட்தான் துணை. அது எந்த இடத்தில், எந்த மழையில் பிசகும் என்று தெரிந்து வைத்திருப்பவருக்கே அந்தத் துணை பயன்படும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு பருவம் முழுவதும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரின் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.