தாத்தாவோடு கப்பலேறிய கிருமி



புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்கும் குடும்பங்களுக்குத் தங்கள் பூர்வீகம் எட்டயபுரம் பக்கம் என்று தெரியும். பால்மரத் தோட்டங்களில் பிறந்த பலருக்கோ தாத்தாவின் ஊர்ப்பெயர்கூடத் தெரியாது. கங்காணி கூட்டி வந்தார், கப்பலேறினார்கள், அவ்வளவுதான். ஏட்டில் இல்லாத இப்படிப்பட்ட பயணங்களைச் சில கிருமிகள் பதிந்து வைத்திருக்கின்றன. எப்படின்னு பார்ப்போமா?

வகுப்பில் ஒரு பாடக்குறிப்பை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். ஒரு மாணவர் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிவிட்டால், அவரைப் பார்த்து எழுதுபவர்களிடமும் 'பல்லி'தான் இருக்கும். பிழைகளை ஒப்பிட்டாலே யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார், இல்லீங்களா? கிருமி பெருகும்போது அதன் மரபணுவில் விழும் இத்தகைய பிழைதான் திடீர்மாற்றம்.

எல்லாக் கிருமியும் இதற்கு உதவாது. சளிக்காய்ச்சல் வைரஸ் சில மாதங்களில் உலகையே சுற்றிவிடும். உடலில் ஆயுள் முழுக்கத் தங்கி, பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே பரவும் கிருமிதான் வேண்டும்.

உதட்டோரக் கொப்புளம் தரும் ஹெர்ப்பிஸ் வைரஸ் அப்படிப்பட்டது. 2013-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் 31 மாதிரிகளை ஒப்பிட்டார்கள். அவை 6 கிளைகளாகப் பிரிந்தன. ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என்று கிளைகள் நிலப்பகுதியோடு பொருந்தின. மனிதன் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டான் என்ற கருத்துக்கு இது வலு சேர்த்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி வைரஸ் அல்ல, பாக்டீரியா. தேர்வில் இதைக் குழப்பிக்கொள்ளாதீங்க. ஆனால் ஆராயும் முறை ஒன்றே. இது சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியது என்று 2007-இல் ஓர் ஆய்வு கணித்தது.

2009-இல் மலேசியர்களிடம் எடுத்த மாதிரிகள் ஆராயப்பட்டன. சீனர்களிடம் கிழக்காசிய வகை இருந்தது. இந்தியர்களிடம் இந்திய வகை. அதாவது, கடல் கடந்து தலைமுறைகள் ஆன பிறகும் கிருமி தன் ஊரை மறக்கவில்லை. மலாய்க்காரர்களிடம்? அங்கும் பெரும்பாலும் இந்திய வகையே!

அப்படியானால் மலாய்க்காரர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்களா? அவசரப்படாதீங்க. மலாய்க்காரர்களிடம் இந்தத் தொற்றே குறைவு. அண்மைக் காலத்தில்தான் அது அவர்களுக்குப் பரவியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். கிருமி வம்சாவளியையும் காட்டும், பழக்கத்தையும் காட்டும். எது எதுவென்று பிரிக்க, மனிதரின் மரபணு, மொழி, வரலாறு ஆகிய மற்றச் சான்றுகளும் வேண்டும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு ஏற்ற இடம் இதுதான்.

இன்னொன்று. இந்தத் தொற்று மலேசிய இந்தியர்களிடம் அதிகம். பலருக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்குக் குடற்புண் வரும், இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது ஒரு காரணம். வீட்டில் யாருக்காவது நெடுநாள் வயிற்றெரிச்சல் என்றால், 'காரம் சாப்பிட்டதாலதான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மூச்சுப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம், மருந்தால் குணமாக்கலாம்.

வகுப்பு நடவடிக்கை: ஐந்து வரிப் பத்தி ஒன்றை மாணவர்கள் வரிசையாகப் பார்த்தெழுதட்டும். பிறகு தாள்களைக் கலைத்துக் கொடுத்து, பிழைகளை மட்டும் வைத்து அந்த வரிசையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.