ஊரும் திகதியும் இல்லாத காணொளி

கடந்த மழைக்காலத்தில் ஒருநாள் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. முதல்நாள் இரவு வட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றியிருந்தது. லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிகிறது. ஒரு பெண் கதறுகிறார். "நம்ம டிக்கோயா பக்கம்தான்" என்று யாரோ சேர்த்து எழுதியிருந்தார். அதைப் பார்த்துப் பயந்த பெற்றோர் பிள்ளைகளோடு இரவோடிரவாக உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். அது வேறு ஊரில் எப்போதோ எடுத்த காணொளி என்பது பிறகுதான் தெரிந்தது.

எடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்முன் நடந்ததையே எடுத்தார். ஊரும் திகதியும் இல்லாததால் அந்த உண்மை பொய்யாகிவிட்டது. இணையத்தில் கதை சொல்ல விரும்பும் நம் இளைஞர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

கேட்பவருக்கு ஏற்ற வழியில் சொல்வது மலையகத்துக்குப் புதிதல்ல. 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரம் அச்சிட்டார். ஆனால் அன்றைய தோட்ட மக்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் அவரது மனைவி மீனாட்சி அம்மை அதே விடயங்களைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். வாசிப்பவருக்கு எழுத்து, வாசிக்காதவருக்குப் பாட்டு. இன்று 'பல்லூடகம்' என்று நாம் சொல்வதன் அடிப்படை இதுதான்.

எழுத்து, படம், குரல், வரைபடம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை உண்டு. மீரியபெத்தையை எடுத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் அந்தத் தோட்டத்தின் லயங்களை மண் மூடியது. முதலில் முந்நூறு பேர் வரை காணவில்லை என்று செய்தி வந்தது. பின்னர் அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

இதை எப்படிச் சொல்வது? மண் எங்கிருந்து எங்கே வந்தது என்பதை ஒரு வரைபடம் நொடியில் காட்டிவிடும். லயம் இருந்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு படம் போதும். அன்று காலை வேலைக்குப் போனதால் தப்பிய ஒரு தாயின் வேதனையை அவர் குரலில்தான் கேட்க வேண்டும். எச்சரிக்கை வந்த ஆண்டுகள், அதன்பின் நடந்தவை, நடக்காதவை ஆகியவற்றை எழுத்துதான் வரிசைப்படுத்தும். எல்லாவற்றையும் ஒரு நீண்ட காணொளியில் திணித்தால் பார்ப்பவர் பாதியிலேயே விட்டுவிடுவார்.

2012 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்' இந்த முறைக்குப் பேர்போன உதாரணம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மூவர் இறந்த ஒரு பனிச்சரிவின் கதை அது. வாசித்துக்கொண்டு போகும்போது மலையின் அமைப்பும் தப்பியவர்களின் பேச்சும் தேவையான இடத்தில் வந்து சேரும். அதை எழுதியவருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்குப் பின்னால் பெரிய குழு உழைத்தது உண்மைதான். ஆனால் எதை எங்கே வைப்பது என்ற யோசனைக்குப் பணம் தேவையில்லை. ஒரு போனும் ஓர் இலவச வலைப்பூவும் போதும்.

தொடங்குபவர்களுக்குச் சில விடயங்கள்:

ஒரு பதிவில் ஒரு கதை மட்டும் சொல்லுங்கள். ஊர், தோட்டம், திகதி ஆகியவற்றை முதல் இரண்டு வரிகளுக்குள் எழுதுங்கள். காணொளியானால் அவற்றைப் படத்தின் மேலேயே பதியுங்கள். பகிரும்போது கீழே எழுதிய குறிப்பு கழன்றுவிடக்கூடும்.

காற்றும் மழையும் அடிக்கும் இடத்தில் குரலைப் பதியாதீர்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள். குரல் புரியாவிட்டால் போய்விடுவார்கள்.

படத்தின் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். மலைப்பகுதியில் சிக்னலும் குறைவு, டேட்டாவுக்குக் காசும் வேண்டும்.

யூனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள். பாமினியில் அடித்தது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள்தான். தமிழில் தேடுபவருக்கு அது அகப்படாது.

முகநூலில் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். சில நாட்களில் அது கீழே போய்விடும். வலைப்பூவில் வைத்தால் அதற்கென ஒரு முகவரி இருக்கும். மூலப் பிரதியையும் கையில் வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதி கேளுங்கள். ஒருவர் தன் துயரத்தை நம்மிடம் சொன்னால் அது அமானிதம். அழும் பெண்ணின் முகத்தையும் பிள்ளைகளின் பெயரையும் பார்வையாளர் எண்ணிக்கைக்காகப் போடுவது அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

தோட்டத்துக்குக் கடன் கொடுத்துக் கொப்பியில் கணக்கு எழுதிய நம் கடைக்கார வாப்பாமாரின் கதை, அந்தக் கடனை மாதா மாதம் அடைத்த தோட்டத்துத் தாய்மாரின் கதை, இரண்டும் இந்த மலைகளில் இருக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் கேட்டுப் பதியுங்கள். ஊரையும் திகதியையும் மட்டும் மறந்துவிடாதீர்கள்.