ஏரியில் எழுந்த நகரம்

நகர நிர்மாணம் என்பது வீதிகளை நேராக வகுத்து, மனைகளை அளந்து விற்பதோடு முடிந்துவிடுமா? அண்மையில் நெமிலியினின்றும் சென்னைக்குச் சென்ற நாம், தியாகராய நகரை ஒரு காலைப்பொழுது நடந்தே சுற்றிப் பார்த்தபோது இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுந்தது.

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவின் ஜன நெருக்கத்தைக் கடந்தால் உஸ்மான் சாலை. அதன் வடக்கே பனகல் பூங்கா. இப்பூங்காவினின்று பல சாலைகள் பிரிந்து செல்வதை நோக்குவோர், இது தானாக வளர்ந்த ஊரன்று, வரைபடத்தில் முதலில் பிறந்த ஊர் என்பதை எளிதில் உணர்வர். 1920-ஆம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்தைத் துணைக்கொண்டு அப்பத்தாண்டிலேயே இது உருவாயிற்று. 1925-இல் காலஞ்சென்ற ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை நகரும், அக்காலத்து முதன்மந்திரி பனகல் அரசரின் பெயரைப் பூங்காவும் தாங்கி நிற்கின்றன. குடியிருப்பதற்கென வகுத்த வீதிகள் பல இன்று கடைவீதிகளாயின. நடப்பதற்கு இடமின்றித் தவித்த பாண்டி பஜாரில், 2019-இல் நடப்போருக்கென அகன்ற நடைபாதைகள் அமைக்கப்பட்டன.

ஆயினும், ரயில் பாதையைத் தாண்டி மேற்கு மாம்பலத்தை அடைந்தபோது ஒரு பெயர் நம்மை நிறுத்திற்று: லேக் வியூ ரோடு, அதாவது ஏரியைக் காணும் சாலை. காண்பதற்கு அங்கே ஏரியில்லை! தியாகராய நகர் எழுந்த இடத்திலேயே முன்பு ஒரு நீண்ட ஏரி கிடந்தது. அதை வடித்தே மனைகள் வகுத்தனர். வீடற்றோர்க்கு வீடு வேண்டியிருந்த காலம் அது. அவர்களைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால், 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பெருமழை பெய்தபோது, வெள்ளம் அவ்வீதிகளில் வந்து தேங்கிற்று. மனிதன் மறந்த தாழ்நிலத்தைத் தண்ணீர் மறப்பதில்லை.

இப்பாடத்தைக் கற்க நாம் சென்னை வரை சென்றிருக்க வேண்டியதில்லை. நெமிலிக்கு அணித்தேயுள்ள மகேந்திரவாடியில், முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் ஒற்றைப் பாறையைக் குடைந்தமைத்த விஷ்ணு கோயில் இன்றும் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு, மகேந்திரபுரம் என்னும் நகரையும், மகேந்திர தடாகம் என்னும் ஏரியையும், அதன் கரையிலமைந்த அக்கோயிலையும் ஒருங்கே கூறுகிறது. ஊரும் ஏரியும் அரசன் பெயரையே கொண்டன. ஏரியைத் தூர்த்து ஊரமைப்பதன்று, ஏரியோடு ஊரமைப்பதே அவன் கண்ட நகர நிர்மாணம்.

இன்று நம் ஜில்லாவிலும் வயல்களினிடையே மனைக்கற்கள் முளைக்கின்றன. ஏரிகளைக் காக்க 2007-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. எனினும், சட்டம் ஏட்டில் உறங்கினால் பயனென்ன? மனை வாங்குவோர் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் புலப்படத்தைப் பார்க்கட்டும். ஏரி, ஓடை, வாய்க்கால் ஆகியவை எங்கெங்கே ஓடின என்று ஊர்ப் பெரியோரைக் கேட்கட்டும். ஊராட்சியினரும் தண்ணீருக்கு வழிவிட்ட பிறகே வீதிக்கு வழிவிடுவாராக. பின்வரும் சந்ததியார் ஏரியின் பெயரைப் பலகையில் மட்டும் படிக்கும் நிலை நம் ஊருக்கு வரலாகாது.