அடுக்குக் கேக் அமுங்காமல் நிற்பது எப்படி?

திருமண விருந்துகளில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கேக்கை நீங்கள் நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். 1947 நவம்பர் 20ஆம் நாள் லண்டனில் நடந்த எலிசபெத் இளவரசியின் திருமணத்தில் வைக்கப்பட்ட கேக் நான்கு அடுக்குகள் கொண்டது. அதன் உயரம் 9 அடி. எடை சுமார் 500 பவுண்டு, அதாவது 227 கிலோகிராம். விரலால் அழுத்தினாலே குழிந்துபோகும் பண்டம் இவ்வளவு சுமையை எப்படித் தாங்குகிறது?

இந்தக் கேள்விக்கு நானே ஒருமுறை தவறான விடை சொல்லியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், திருநெல்வேலியில் என் நண்பரின் தங்கைக்குத் திருமணம். மூன்றடுக்குக் கேக்கை வீட்டிலேயே செய்திருந்தார்கள். “தம்பி, நீ பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன்தானே, இது விழாமல் நிற்குமா?” என்று நண்பரின் அம்மா கேட்டார்கள். “அடிப்பாகம் அகலம், ஈர்ப்பு மையம் அதற்குள்ளேயே இருக்கிறது. விழாது, அம்மா” என்றேன். உண்மையில் கேக் விழவில்லை. ஆனால் மணமக்கள் வருவதற்குள் நடு அடுக்கு இரண்டு விரற்கடை ஆழம் கீழே புதைந்துவிட்டது. அம்மாவின் இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று. சாயுமா என்று பார்த்த நான், அமுங்குமா என்று பார்க்கவில்லை!

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடு அடுக்கின் விட்டம் 22 செ.மீ. என்றும், அதுவும் உச்சி அடுக்கும் சேர்ந்து 4 கிலோகிராம் என்றும் கொள்வோம். 22 செ.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 380 சதுர செ.மீ. ஆகவே அடி அடுக்கின் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறத்தாழ பத்தரை கிராம் சுமை அழுத்துகிறது. இது மிகச் சிறிது என்று தோன்றலாம். ஆனால் ஒரு கன செ.மீ. அரை கிராம் எடையுள்ள கேக், 10 செ.மீ. உயரம் இருந்தால், தன் எடையால் தன் அடியில் தரும் அழுத்தம் 5 கிராம்தான். அதைப்போல் இரு மடங்கு சுமையை மேலே ஏற்றுகிறோம். கேக்கின் உள்ளே பெரும்பகுதி காற்றறைகள். அவை மெல்ல நசுங்குகின்றன. வெண்ணெய் ஐசிங்கும் உதவாது. வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரி செல்சியஸில். அதற்கு முன்பே இளகிவிடும். நெல்லையின் மே மாத வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ?

பின், வழி என்ன? சுமையைக் கேக்கின் மீது ஏற்றாமலிருப்பதே வழி. அடி அடுக்கின் உயரத்திற்குச் சரியாக நறுக்கிய நான்கு மரக்குச்சிகளை அதனுள் செங்குத்தாக இறக்குகிறார்கள். அவை கேக்கைத் துளைத்து அடிப்பலகையில் ஊன்றி நிற்கும். நடு அடுக்கு ஒரு கெட்டி அட்டையின் மேல் அமர்ந்து, இந்தக் குச்சிகளின் தலையில் நிற்கும். ஒவ்வொரு குச்சியும் தாங்குவது ஒரு கிலோகிராம். 1 செ.மீ. விட்டமுள்ள குச்சிக்கு இது சதுர செ.மீ.க்குச் சுமார் 1.3 கிலோகிராம், மரத்துக்கு இது ஒரு பொருட்டே அன்று. கேக்கோ தன் எடையை மட்டும் சுமக்கிறது. வீட்டுக் கூரையைத் தூண்கள் தாங்க, இடையிலுள்ள சுவர் சும்மா நிற்பதைப் போன்றது இது.

அட்டை எதற்கு? அது இல்லாவிட்டால் அதே குச்சிகள் மேலடுக்கின் அடியைத் துளைத்து ஏறிவிடும். குச்சிகளின் நீளமும் ஒன்றாக இருக்கவேண்டும். 15 செ.மீ. இடைவெளியில் ஒரு பக்கத்துக் குச்சிகள் 3 மி.மீ. குறைந்தால், 20 செ.மீ. உயரத்திலுள்ள உச்சி 4 மி.மீ. சாய்ந்துவிடும்.

அக்கால இங்கிலாந்தில் கேக்கின் மேல் தூண்களை நிறுத்தியே அடுக்கினார்களே என்று கேட்பீர்கள். அது பழங்கள் நிறைந்த கனமான, இறுகிய கேக். அதன் மேல் முட்டை வெண்கருவும் சர்க்கரைத் தூளும் கலந்து பூசிய பூச்சு, காய்ந்ததும் ஓடுபோல் கெட்டியாகிவிடும். அந்த ஓடு சுமையைப் பரப்பிக் கொடுத்தது. மென்மையான கேக்கிற்கும் இளகிய பூச்சுக்கும் அந்தப் பலம் கிடையாது.

இன்னொரு ஆபத்து, பயணம். கார் பிரேக் பிடித்து, அதன் வேகம் ஒவ்வொரு வினாடிக்கும் வினாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். அப்போது கேக்கின் நிலை, 17 பாகை சரிந்த தட்டில் வைத்ததைப் போன்றதே. ஆகவேதான் அனுபவசாலிகள் அடுக்குகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் மண்டபத்தில் அடுக்குகிறார்கள். அடுக்கிய பின், கூர்செதுக்கிய நீண்ட குச்சி ஒன்றை உச்சியிலிருந்து எல்லா அட்டைகளையும் துளைத்து அடிப்பலகை வரை இறக்குவதும் உண்டு. அது சுமை தாங்க அன்று. அடுக்குகள் பக்கவாட்டில் நழுவாமலிருக்க.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றின் மேல் தடித்த புத்தகத்தை வையுங்கள், அமுங்கும். பிறகு ஸ்பாஞ்சில் நான்கு துளையிட்டு, அதன் உயரத்திற்கு வெட்டிய பென்சில் துண்டுகளைச் செருகிப் புத்தகத்தை வையுங்கள். வேறுபாடு விளங்கும்.

அடுத்த ஆண்டு நண்பரின் தம்பிக்குத் திருமணம். அம்மா இம்முறை என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நான்கு குச்சிகளையும் ஒரு ரம்பத்தையும் கையில் கொடுத்து, “அளவு பிசகாமல் நறுக்கிக் கொடு, தம்பி” என்றார்கள். நறுக்கிக் கொடுத்தேன். மாலை விருந்து முடியும் வரை கேக் நிமிர்ந்தே நின்றது.